மெர்ஜ் பொத்தானைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு

சிங்கப்பூரில் டீம் லீடாக இருக்கும் அண்ணன்களே, அக்காக்களே, வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். எங்கள் பிராஞ்ச், அதாவது மெயின் என்ற பொது நிரலிலிருந்து (கோடு) பிரித்து நாங்கள் தனியாக எழுதும் நகல், வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே போவதற்கு எங்கள் மெத்தனம்தான் காரணம் என்று நினைக்கிறீர்கள். காலை ஸ்டாண்டப் கூட்டத்தில் "இன்னுமா அது மெர்ஜ் ஆகல?" (மெயினில் சேரவில்லையா) என்று கேட்கும் தொனியிலேயே அது தெரிந்துவிடுகிறது. போன மாதம் ஒரு சனிக்கிழமை, மழை விடாமல் பெய்ததில் வெளியே போக வழியில்லாமல், என் பழைய பிஆர்களை (பிராஞ்ச்சைப் பார்த்து மெர்ஜ் செய்யச் சொல்லிப் போடும் கோரிக்கைகளை) ஒவ்வொன்றாகத் திறந்து தேதிகளை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். எழுதிய நாள்களைவிடக் காத்திருந்த நாள்கள்தான் எல்லாவற்றிலும் அதிகம். அந்தக் காத்திருப்பு உங்கள் மேசையில் நடந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள், இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

(பிராஞ்ச்சுக்குக் கிளை என்று நல்ல சொல் இருக்கிறது. ஆனால் "கிளையை இன்று இணைத்துவிடுகிறேன்" என்று ஆபீஸில் சொல்லிப் பாருங்கள், ஏதோ வங்கிக் கிளையை மூடப் போகிறார்கள் என்று நினைப்பார்கள். அதனால் நாம் பேசுகிற மாதிரியே எழுதுகிறேன்.)

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்கள் பக்கம் வருகிறேன்.

2023 அக்டோபர் கடைசியில், நான் அப்போது வேலை பார்த்த இடத்தில், சிறு கடைகளுக்கான பில்லிங் மென்பொருளில் பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது அச்சாகும் ரசீதைப் புதிதாக எழுதச் சொன்னார்கள். நாலு நாள் வேலை. வரியைக் கணக்குப் போட ஏற்கெனவே ஒரு பொதுவான ஃபங்ஷன் (வேண்டும்போது கூப்பிட்டுப் பயன்படுத்தும் நிரல் துண்டு) இருந்தது, அதைக் கூப்பிட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் 2024 ஜனவரி 1 முதல் ஜிஎஸ்டி 8 விழுக்காட்டிலிருந்து 9 ஆகப் போகிறது என்பதால் இன்னொருவர் அதே கோப்பைத் தன் பிராஞ்ச்சில் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார். "அதைத் தொடாதேப்பா, மெர்ஜ்ல அடிச்சுக்கும்" என்றார். சரி என்று அந்த ஃபார்முலாவை நகலெடுத்து என் புதுக் கோப்பில் போட்டுக்கொண்டேன், 0.08 என்ற எண்ணோடு சேர்த்து. தற்காலிகமாகத்தான். டெஸ்ட்டும் (கணக்கைத் தானாகச் சரிபார்க்கும் நிரல்) எழுதினேன்: 100 வெள்ளிப் பொருளுக்கு 108 வெள்ளி வர வேண்டும்.

நவம்பர் 12 தீபாவளி. அதற்கு முந்தைய வாரமே பிஆர் போட்டாயிற்று. முதல் கமெண்ட் வரப் பத்து நாள் ஆனது, அதுவும் ஒரு வேரியபிள் பெயரைப் பற்றி. மாற்றினேன். திரும்ப ஒரு வாரம் சத்தமில்லை. டிசம்பர் நடுவில் ஆண்டிறுதி ஃப்ரீஸ் அறிவித்தார்கள், மெயினுக்குள் யாரும் எதுவும் கொண்டுவரக் கூடாது, ஜிஎஸ்டி மாற்றம் மட்டும் போகும் என்று. அது போனது, சரியாகவே வேலை செய்தது. என் பிராஞ்ச் ஜனவரி மூன்றாம் வாரத்தில்தான் உள்ளே வந்தது. கிட் (இந்த பிராஞ்ச், மெர்ஜ் எல்லாவற்றையும் நடத்தும் கருவி) ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் ஏற்றுக்கொண்டது. கான்ஃபிளிக்ட் இல்லை, டெஸ்ட் எல்லாம் பச்சை.

ரெண்டு நாள் கழித்து லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா சப்போர்ட் எண்ணுக்குக் கூப்பிட்டார். சேலையைத் திருப்பித் தந்த வாடிக்கையாளர் கடையிலேயே நிற்கிறார். அவரிடம் வாங்கியது 109 வெள்ளி, ரசீது திருப்பித் தரச் சொல்வது 108. "தம்பி, அந்த ஒரு வெள்ளி எங்க போச்சு? நான் எடுத்துக்கிட்டேன்னு நினைக்கிறாங்க." அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. கல்லாவிலிருந்து ஒரு வெள்ளி எடுத்துக் கொடுப்பது அவருக்குப் பெரிய விஷயமே இல்லை, ஆனால் பத்து பேர் நடுவில் திருடி என்ற பார்வை விழுந்ததே.

கிட் ஏன் வாயைத் திறக்கவில்லை? அது பார்ப்பது மூன்றே பிரதிகளைத்தான்: இரண்டு பக்கமும் பிரிந்த இடத்தில் இருந்த வடிவம், இப்போது மெயினில் இருப்பது, பிராஞ்ச்சில் இருப்பது. பிரிந்த இடத்தோடு ஒப்பிட்டு, ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் அந்த மாற்றத்தை எடுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒரே இடத்தை வேறு வேறு விதமாக மாற்றியிருந்தால்தான் கான்ஃபிளிக்ட் என்று கையைத் தூக்கும். ஜிஎஸ்டி மாற்றியவர் ஒரு கோப்பில் மாற்றினார், என் 0.08 வேறொரு புதுக் கோப்பில் இருந்தது. வரிகள் மோதவில்லை, அர்த்தம்தான் மோதியது. அர்த்தத்தைப் படிக்கிற வேலை கிட்டுடையது இல்லை. டெஸ்ட்டும் காப்பாற்றவில்லை, ஏனென்றால் அதிலும் நான் 108 என்றுதானே எழுதியிருந்தேன்.

கான்ஃபிளிக்ட் வந்தால் நீங்கள் எல்லோரும் பதறுகிறீர்கள். எனக்கு இப்போது பயம் கான்ஃபிளிக்ட் வராத பழைய பிராஞ்ச்சின் மேல்தான். இரண்டு நாள் வயதுள்ள பிராஞ்ச்சில் இந்த மாதிரி மோதலுக்கு இடம் குறைவு, மூன்று மாதம் ஆனதில் எத்தனை ஒளிந்திருக்கிறது என்று எந்தக் கருவியும் சொல்லாது. இன்னொன்றும் கவனியுங்கள், நான் அந்த ஃபார்முலாவை நகலெடுத்ததே மெர்ஜுக்குப் பயந்துதான். பிராஞ்ச்கள் நீண்டு கிடக்கும் டீமில் யாரும் பொதுக் கோப்பைத் தொட மாட்டார்கள், பெயர் சரியில்லை என்று தெரிந்தாலும் மாற்ற மாட்டார்கள், ஓரமாக ஒரு நகலை வைத்துவிட்டு நழுவிவிடுவார்கள். நகலை எழுதியது என் கைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த டீமில் அப்படித்தான் பிழைக்க முடிந்தது.

அன்றைக்கு இன்னொரு கூத்தும் நடந்தது. லீட் உடனே அந்த மெர்ஜை ரிவர்ட் செய்தார், இருபது நிமிடத்தில் கடைகளில் பழைய ரசீது வந்துவிட்டது. நல்ல முடிவு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் அதே பிராஞ்ச்சில் 0.08 ஐத் தூக்கிவிட்டு பொது ஃபங்ஷனைக் கூப்பிட்டேன், டெஸ்ட்டில் 109 என்று திருத்தினேன், ஒரே கமிட் (மாற்றங்களின் பதிவு), திரும்ப மெர்ஜ் போட்டேன். இப்போது இரண்டு கோப்புகளுக்கு மட்டும் கான்ஃபிளிக்ட் வந்தது: "மெயினில் அழிக்கப்பட்டிருக்கிறது, பிராஞ்ச்சில் மாற்றப்பட்டிருக்கிறது, எது வேண்டும்?" என்னுடையதுதான் வேண்டும் என்றேன். டெஸ்ட் பச்சை. டெப்ளாய் (வெளியீடு) ஆனது. கடையில் வந்ததோ அதே பழைய ரசீது.

என் பிராஞ்ச்சின் 14 கோப்புகளில் வந்தது 2. கணக்குக் கோப்பும் அதன் டெஸ்ட்டும் வந்துவிட்டன, அதனால்தான் எல்லாம் பச்சை. திரை, அச்சு வடிவம், மெனு எதுவும் வரவில்லை. ஏனென்றால் ரிவர்ட் என்பது மெர்ஜ் கொண்டுவந்த மாற்றங்களைத் திருப்பிப் போடுகிறதே தவிர, அந்த மெர்ஜ் நடந்தது என்ற வரலாற்றை அழிப்பதில்லை. அந்தப் பழைய கமிட்கள் ஏற்கெனவே மெயினுக்குள் வந்துவிட்டன என்றே கிட் நினைக்கிறது. அப்புறம் எத்தனை முறை மெர்ஜ் செய்தாலும் அதற்குப் பின் எழுதியதை மட்டும்தான் அது சேர்க்கும். முதலில் அந்த ரிவர்ட்டையே ரிவர்ட் செய்துவிட்டு, பிறகு திருத்தத்தைக் கொண்டுவர வேண்டும். கிட்டின் சொந்த ஆவணங்களிலேயே இதற்கென்று ஒரு தனிக் குறிப்பு இருக்கிறது, அதாவது நான் ஒருவன் மட்டும் இந்தக் குழியில் விழவில்லை. தயவுசெய்து உங்கள் டீமில் புதிதாகச் சேருகிறவருக்கு இதை ஒரு முறை செய்து காட்டுங்கள். ரெண்டு நாள் மிச்சம்.

இப்போது உங்கள் பக்கம்.

கிட்டில் ஒரு பிராஞ்ச் என்பது வட்டில் வெறும் 41 பைட், ஒரு கமிட்டின் 40 எழுத்து அடையாளமும் ஒரு வரி முடிவும், அவ்வளவுதான். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் லினக்ஸ் கெர்னலுக்காகக் கிட்டை எழுத உட்கார்ந்தபோது மெர்ஜ் வேகமாக நடக்க வேண்டும் என்பது அவருடைய முக்கியத் தேவைகளில் ஒன்று. ஆக, பிராஞ்ச் போடுவதும் இலவசம், சேர்ப்பதற்கும் கருவி தயார். விலை ஏறுவது நடுவில் கிடக்கும் நாள்களில். அந்த நாள்களின் சாவி உங்களிடம் இருக்கிறது.

சென்னையில் பாதி டீம் இருக்கும் இடங்களில் இது இன்னும் மோசம். நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். சென்னையில் ஒரு பெண் மாலை ஆறரைக்கு பிஆர் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறாள், இங்கே இரவு ஒன்பது. மறுநாள் காலை ஒன்பதுக்கு நீங்கள் வந்து முதல் வேலையாக அதைப் பார்த்துவிட்டால், அவள் ஒன்பதரைக்கு உட்காரும்போது, அதாவது நமக்கு நண்பகல் பன்னிரண்டுக்கு, கமெண்ட் தயாராகக் காத்திருக்கும், அன்றைக்கே திருத்தி அன்றைக்கே மெர்ஜ் ஆகிவிடும். நடப்பது என்ன? மீட்டிங் எல்லாம் முடித்துவிட்டு மாலை ஆறு மணிக்கு "இதையும் ஒரு கை பார்ப்போம்" என்று திறக்கிறீர்கள். அவள் திருத்தி அனுப்பும்போது நீங்கள் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டிருக்கிறீர்கள். ஒரு வரி கமெண்ட்டுக்கு ஒரு நாள் போச்சு. மூன்று கமெண்ட் என்றால் ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தில் மெயின் நகர்ந்துவிட, "ரீபேஸ் பண்ணிட்டு வா" என்று ஒரு கமெண்ட் வேறு, புது மெயின் மேல் எங்கள் கமிட்களை மறுபடி அடுக்கச் சொல்லி.

ரீபேஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. ரீபேஸ் நடுவில் கான்ஃபிளிக்ட் வந்தால் "அவர்ஸ்" (நம்முடையது), "தெய்ர்ஸ்" (அவர்களுடையது) இரண்டும் மெர்ஜில் இருப்பதற்கு நேர் எதிராக மாறிவிடும், ஏனென்றால் அப்போது நம் கமிட்கள்தான் விருந்தாளி. இது தெரியாமல் தன் இரண்டு நாள் வேலையைத் தானே துடைத்துவிட்டு விழித்துக்கொண்டு நின்ற ஒரு தம்பியை ரெஃப்லாக் (பழைய நிலைகளைக் கிட் குறித்து வைக்கும் பதிவு) வழியாகக் காப்பாற்றியிருக்கிறேன். பொதுவாகவே கான்ஃபிளிக்ட் ஸ்டைலை டிஃப்3 என்று மாற்றி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்க வடிவங்களுக்கு நடுவே, பிரிவதற்கு முன் என்ன இருந்தது என்பதும் தெரியும். அது தெரியாமல் எந்தப் பக்கம் எதை மாற்றியது என்று ஊகிப்பது, சண்டையின் கடைசி நிமிடத்தில் போய்ப் பஞ்சாயத்துப் பண்ணுவது மாதிரி.

ஃப்ரீஸுக்கு வருவோம். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, பிறகு சீனப் புத்தாண்டு, ஆட்கள் விடுமுறையில், கடைகளில் கூட்டம், அப்போது புதிதாக எதையும் வெளியே விட வேண்டாம் என்பது எனக்கும் புரிகிறது, நியாயமும்கூட. ஆனால் டெப்ளாயை நிறுத்துவதும் மெர்ஜை நிறுத்துவதும் ஒன்றா? வெளியே ஓடும் வடிவத்திலிருந்து ஒரு ரிலீஸ் பிராஞ்ச்சை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அவசரத் திருத்தத்தை மெயினில் சேர்த்துவிட்டு, அந்தக் கமிட்டை மட்டும் செர்ரி பிக் செய்து ரிலீஸுக்குக் கொண்டுபோகலாம். மெயின் தன் பாட்டுக்கு நகரட்டும். மெர்ஜையே மூடிவிட்டால் நாங்கள் எழுதுவதை நிறுத்துவதில்லை, உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எழுதிக்கொண்டிருக்கிறோம். பிறகு ஜனவரி முதல் வாரத்தில் மொத்தமும் அணை உடைந்த மாதிரி வரும், அப்போது "ஏன் இத்தனை கான்ஃபிளிக்ட்?" என்று எங்களையே கேட்பீர்கள்.

சில டீம்களில் டெவலப் என்று ஒன்று, அதன் மேல் ஃபீச்சர், பக்கத்தில் ரிலீஸ், ஹாட்ஃபிக்ஸ், எல்லாவற்றுக்கும் தலையாக மாஸ்டர் (மெயினின் பழைய பெயர்), இதை வரைந்து சுவரில் ஒட்டியும் வைத்திருக்கிறார்கள். கிட்ஃப்ளோ. வின்சென்ட் டிரீசென் என்ற டெவலப்பர் 2010 ஜனவரியில் எழுதிய முறை. 2020 மார்ச்சில் அவரே அந்தக் கட்டுரையின் தலையில் ஒரு குறிப்பைச் சேர்த்தார்: தொடர்ந்து வெளியிடப்படும் வலை மென்பொருளுக்கு இதைவிட எளிய முறையைப் பாருங்கள், எண்ணிட்டுப் பல வடிவங்களைப் பராமரிக்க வேண்டியவர்களுக்கு இது இன்னும் பொருந்தலாம் என்று. எழுதியவரே இறங்கி வந்துவிட்டார், நாம் இன்னும் படத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறோம். வாரம் மூன்று முறை டெப்ளாய் செய்யும் இடத்தில், மாதத்துக்கு ஒரு முறைகூட மெயினைப் பார்க்காத டெவலப் பிராஞ்ச் எதற்கு? தானா மேராவில் இறங்கி சாங்கி விமான நிலையத்துக்கு வேறு ரயில் மாறுகிறோமே, அந்தக் கிளைப் பாதை ரயில் அங்கேயே போய்த் திரும்பிக்கொண்டிருக்கும், பிரதான பாதைக்குள் வருவதே இல்லை. விமான நிலையத்துக்கு அது போதும். கோடுக்குப் போதாது.

மென்பொருள் டீம்கள் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராயும் டோரா குழு பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் இதுதான். ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும் பிராஞ்ச்கள் மூன்றோ அதற்குக் குறைவோ, ஒரு நாளுக்கு ஒரு முறையாவது மெயினில் சேர்த்துவிடுவது, தனியாக ஃப்ரீஸ் காலம் வைக்காமல் இருப்பது. இப்படி வேலை செய்யும் டீம்கள் நன்றாகவே வெளியிடுகின்றன.

"முடியாத வேலையை எப்படி மெர்ஜ் செய்வது?" என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. ஃபீச்சர் ஃபிளாக் என்ற, நிரலுக்குள் வைக்கும் சுவிட்சின் பின்னால் வைத்து, அணைத்த நிலையில் உள்ளே விட வேண்டியதுதான். அதற்கும் ஒரு விலை உண்டு, மறைக்க மாட்டேன். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் பழைய ஃபிளாக் ஒன்றைப் புது வேலைக்கு மறுபடி பயன்படுத்தியது. எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதுக் கோடு போய்ச் சேரவில்லை, அங்கே பல ஆண்டுகளாகச் செத்துக் கிடந்த பழைய கோடு உயிர்பெற்று, முக்கால் மணி நேரத்தில் 44 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் போயிற்று. ஆகவே ஃபிளாக் வைத்தால் அதை எடுக்கும் தேதியையும் அன்றைக்கே எழுதிவைக்க வேண்டும். ஆனாலும் அணைந்து கிடக்கும் ஃபிளாக் எல்லோர் கண் முன்னாலும் மெயினில் இருக்கிறது, பக்கத்தில் யாராவது எதையாவது மாற்றினால் அன்றைக்கே தெரியும். என் ரசீது வேலை அப்படி நவம்பரிலேயே உள்ளே போயிருந்தால், ஜிஎஸ்டி மாற்றியவர் 0.08 என்று தேடிய அன்றே என் கோப்பு அவர் கையில் மாட்டியிருக்கும்.

ஒரே ஒரு விஷயம் எங்கள் பக்கத்திலும் சொல்ல வேண்டும். ஆயிரத்து இருநூறு வரி பிஆரைப் போட்டுவிட்டு "சீக்கிரம் பாருங்க அண்ணே" என்றால் எந்த அண்ணனும் பார்க்க மாட்டார், பார்த்தாலும் படிக்காமல் அப்ரூவ் கொடுப்பார். சின்னதாகப் போடுகிறோம், அது எங்கள் வேலை. நாற்பது ஐம்பது வரி என்றால் கோப்பி ஆறுவதற்குள் பார்த்துவிடலாம். ஆனால் சின்ன பிஆருக்கும் நாலு நாள் ஆகும் என்றால், யாராக இருந்தாலும் "எப்படியும் காத்திருக்கப் போகிறோம், இதையும் சேர்த்துப் போட்டுவிடுவோம்" என்றுதான் நினைப்பார்கள். பெரிய பிஆர் பிறப்பது அப்படித்தான்.

கான்ஃபிளிக்ட் வந்தால் அதைத் தீர்ப்பவரைத் தனியாக விடாதீர்கள். இரண்டு பக்கமும் எழுதியவர்களை ஒரு திரை முன்னால் உட்கார வையுங்கள், சென்னை என்றால் வீடியோவில். பத்து நிமிடம்.

இப்போது நான் வேறு இடத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே என் லீட் அண்ணன் நல்ல மனிதர், இந்த மடலை அவரும் படிப்பார் என்று தெரியும். அண்ணே, திங்கட்கிழமை போட்ட பிஆர் இன்னும் அப்படியே கிடக்கிறது. 46 வரிதான், மெயினோடு காலையில்தான் சேர்த்துப் பார்த்தேன், கான்ஃபிளிக்ட் இல்லை. அதனால்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
தினமும் ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் ஏறும் ஒரு டெவலப்பர்